சேனல் வரிசை

சார்ஜர் பெட்டியொன்றில்
தினத்தாள் சுற்றிக் கூரியரில் வந்தது
ஆறு மாதத்துக்கு முன் நான் கொடுத்த ரேடியோ மாட்யூல்.
அனுப்புநர்: தணிகைவேல், கொளத்தூர்.
கடிதம் எதுவுமில்லை.
ஆன்டெனாவை மட்டும் தனியாகக் கழற்றி
குமிழி உறையில் பொதிந்திருந்தான்.

அவனுடைய மாட்யூல் எரிந்தது ஆன்டெனாவால்தான்.
மாட்டாமலேயே ரிமோட்டை ஆன் செய்துவிட்டு
டீ குடிக்கப் போயிருந்தான்.
வெளியே போக வழி கிடைக்காத சிக்னல்
உள்ளேயே திரும்பிச் சுட்டிருக்கிறது.
ரிச்சி தெருவில், மூன்றாம் மாடியில்,
சால்டரிங் புகைக்கு அந்தப் பக்கமிருந்து
"சிப்பு செத்துடுச்சு தம்பி" என்றது ஒரு குரல்.
புதியதன் விலையைக் கேட்டு
படியில் பேசாமல் இறங்கினோம்.

அதன் பிறகு இருவருக்கும் ஒரே மாட்யூல்.
என் ரிமோட்டின் முதுகிலிருந்து உருவி
அவன் ரிமோட்டின் முதுகில் சொருகினால்
அவன் ட்ரோன் எழும்.
மறுபடி உருவினால் என்னுடையது.
எந்தக் கை பிடித்திருக்கிறது என்று
ரிசீவருக்குத் தெரியாது.
அது அறிந்ததெல்லாம்
தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குள்ளிருக்கும் ஓர் எண்.
இரண்டு ட்ரோன்களும் அதே எண்ணை நம்பின.
மாடலுக்கு மாடல் எண்ணைப் பிரித்து வைக்கலாம்,
வைக்க வேண்டும்,
அடுத்த ஞாயிறு வைக்கலாம் என்றிருந்தோம்.

கேளம்பாக்கம் தாண்டி,
கல் நட்டு விற்காமல் கிடந்த மனைப்பிரிவு.
என் கையில் அவன் ரிமோட்.
இருபதடி தள்ளி என் ட்ரோன்.
பைக் ஓரம் குந்தியிருந்த அவன்
சும்மா சோதிக்கலாம் என்று
தன்னுடையதற்கும் பேட்டரி மாட்டியிருக்கிறான்.
நான் ஆர்ம் செய்தேன்.
த்ராட்டிலை ஏற்றினேன்.
இரண்டும் எழுந்தன.

மோதிர விரலில் நான்கு தையல்.
ஆஸ்பத்திரி பெஞ்சில்
எண்ணைப் பிரிக்காதது நீ என்றான்.
சொல்லாமல் பேட்டரி மாட்டியது நீ என்றேன்.
ரிமோட் அவன் பைக்குள் போனது,
மாட்யூல் அதன் முதுகில் போனது.

இன்று பொழிச்சலூரில், என் அறையில்,
ஜன்னல் அதிர விமானம் இறங்குகிறது.
எங்கள் தெருவின் வானத்தில்
அவற்றுக்கு மட்டுமே அனுமதி.
ஆன்டெனாவைத் திருகினேன், இருமுறை சரிபார்த்தேன்.
மாட்யூலைச் சொருகி
ட்ரோனை லேப்டாப்பில் இணைத்தேன்.
மறுபடி பைண்ட் செய்யத் தயாராக விரல் பட்டன்மேல்.
தேவைப்படவில்லை.
இரண்டு முறை மினுக்கி
நிலைத்து எரிந்தது பச்சை.
நேற்றுத்தான் பிரிந்தாற்போல.

ஆனால்
மேலே தள்ளினால்
திரையில் முன்சாய்வுப் பட்டை ஏறியது.
வலப்பக்கம் தள்ளினால் த்ராட்டில்.
முன்னால் சாய்த்தால் வலப்பக்கம் சாய்ந்தது.
குச்சியைத் தொடாமல் வைத்தாலும்
பாதி உயரத்துக்குக் கேட்கிறேன் என்று
அது நினைத்துக்கொண்டிருந்தது.
இந்த ஆறு மாதத்தில்
மாட்யூலைத் தன் வரிசைக்கு மாற்றியிருக்கிறான்.
இடம் வலம் திரும்பும் நான்காவது மட்டும்
எனக்கும் அவனுக்கும் ஒன்றாகவே இருந்தது.

நானே கண்டுபிடித்து
என் ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம்.
பத்து நிமிட வேலை.
போனை எடுத்தேன்.

விரல் எப்படி இருக்கு என்று கேட்கத்தான்
வாய் திறந்தேன்.
"சேனலெல்லாம் என்ன வரிசைல வெச்சிருக்க?"

அந்தப் பக்கம் பிரஷர் குக்கர்.
யாரோ டிவியைக் குறைத்தார்கள்.
பிறகு, ஆறு மாதத்துக்குப் பின் அவனுடைய முதல் சொல்:
"ப்ரொபெல்லரக் கழட்டிட்டியா?"

நான்கும் மேசைமேல் கிடந்தன,
ஒன்றின் விளிம்பில் பழைய மண்.
"கழட்டிட்டேன்."
"நாலுமா?"
"நாலும்."
"ம். எழுதிக்கோ.
ஒண்ணு, த்ராட்டில்."

இரண்டாவதை ஒரு விமானம் விழுங்கியது.
எனக்குத் தெரியும் அது என்னவென்று.
மறுபடி சொல்லச் சொன்னேன்.